முடிவுக்குப் பொறுப்பேற்ற படைப்பாளி: கே. பாலசந்தரின் தொலைக்காட்சித் தொடர்ப் பணி

முன்னுரை

பினாங்குத் தீவின் மேற்கே, மலைத்தொடருக்கு அப்பால் அமைந்துள்ளது பாலிக் புலாவ். தீவின் பின்புறம் என்பது அப்பெயரின் பொருள். சாதிக்காய்த் தோட்டங்களும் டுரியான் தோப்புகளும் சூழ்ந்த எம் ஊரில் தமிழ்க் குடும்பங்கள் அதிகமில்லை. நாம் பள்ளி மாணவராக இருந்த 1990களில், ஜார்ஜ்டவுன் கடைத்தெருவிலிருந்து வாடகைக்கு எடுத்துவரப்பட்ட ஒளிநாடாக்கள் வீட்டுக்கு வீடு கைம்மாறும். 1996இல் ஆஸ்ட்ரோ துணைக்கோள் ஒளிபரப்புத் தொடங்கி, வானவில் அலைவரிசை இல்லங்களுக்குள் வந்தது. அதன் பின்னர் மாலையில் விளக்கேற்றியதும் தொலைக்காட்சியின் முன் அமர்வது பல வீடுகளில் வழக்கமாயிற்று.

எம் பாட்டியார் எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும், தொடர் நாடகத்தில் ஒருத்தி தன் மாமியாரிடம் அவ்வாறு பேசியது முறையா, அவள் வீட்டை விட்டு வெளியேறியது சரியா என்று அவர் அண்டை வீட்டாரோடு நெடுநேரம் வாதிடுவார். கதைமாந்தரின் இயல்பு, செயலுக்கான காரணம், கதை செல்லும் திசை ஆகிய மூன்றும் அவ்வாதத்தில் இடம்பெறும். நாம் கேட்ட முதல் இலக்கியத் திறனாய்வு அதுவே எனலாம். பின்னாளில் அயல்நாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் கதையியல் பயின்றபோது, அப்பாடங்களுள் பாதியை எம் வீட்டுத் திண்ணையிலேயே கேட்டிருக்கிறோம் என்பதை உணர்ந்தோம்.

இவ்வளவு பேருடைய சிந்தனையைத் தூண்டிய ஒரு கலைவடிவம் தமிழ்த் துறைகளின் பாடத்திட்டத்தில் ஏறக்குறைய இடமின்றி இருக்கிறது. இக்கட்டுரை அவ்வடிவத்தின் முன்னோடிகளுள் ஒருவரான இயக்குநர் கே. பாலசந்தரின் (1930–2014) வாழ்வையும் தொலைக்காட்சிப் பணியையும் விளக்க முற்படுகின்றது. திரைப்பட இயக்குநராக அவரைப் பற்றி எழுதப்பட்டவை பல. தொலைக்காட்சித் தொடரின் ஆக்கியோனாக அவரை நோக்கியோர் சிலரே. கதையின் முடிவை யார் தீர்மானிப்பது என்னும் வினாவே அவருடைய தொலைக்காட்சிப் பணியைப் புரிந்துகொள்வதற்கு உதவும் திறவுகோல் என்பது நமது கருத்து.

தொடர் நாடகத்தின் தோற்றம்

தொலைக்காட்சித் தொடருக்கு முன்னோடி வானொலித் தொடர். அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 1930இல் ஒலிபரப்பான 'பெயின்டட் டிரீம்ஸ்' என்னும் தொடரை எழுதியவர் இர்னா ஃபிலிப்ஸ் என்னும் பெண்மணி. அவர் முன்னர் ஆசிரியராகப் பணியாற்றியவர். பகலில் வீட்டுவேலை செய்துகொண்டே கேட்கும் மகளிரை நோக்கி அத்தகைய தொடர்கள் அமைந்தன. சோப்பு உற்பத்தி நிறுவனங்கள் அவற்றுக்கு விளம்பர ஆதரவு அளித்தமையால் 'சோப்பு நாடகம்' என்னும் பெயர் அவற்றுக்கு ஏற்பட்டது. தாம் எழுதிய கதை தமக்கே உரியது என்று வழக்காடிய இர்னா அவ்வழக்கில் தோற்றார். 1937இல் அவர் வானொலிக்கு உருவாக்கிய 'கைடிங் லைட்' 1952இல் தொலைக்காட்சிக்கு மாறி 2009 வரை நீடித்தது. இர்னா மறைந்தது 1973இல். ஆக்கியோன் மறைந்த பின்னும் 36 ஆண்டுகள் ஒரு கதை நடந்துகொண்டிருந்தது. தொடர் என்பது ஆக்கியோனுக்கு உரியதா, ஒளிபரப்பும் நிறுவனத்துக்கு உரியதா என்னும் சிக்கல் அவ்வடிவத்தோடு உடன்பிறந்தது என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

இந்தியாவில் இவ்வடிவம் வேறொரு வாயில் வழியாக நுழைந்தது. மெக்சிகோ நாட்டின் மிகேல் சபிதோ, எழுத்தறிவு, குடும்பநலம் முதலிய சமூக நோக்கங்களுக்குத் தொடர் நாடகத்தைப் பயன்படுத்தி வெற்றி கண்டவர். அம்முறையைப் பின்பற்றி, மனோகர் சியாம் ஜோஷி எழுதிய 'ஹம் லோக்' என்னும் இந்தித் தொடரைத் தூர்தர்சன் 1984 சூலை முதல் 1985 திசம்பர் வரை 156 பகுதிகளாக ஒளிபரப்பியது. ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் மூத்த நடிகர் அசோக் குமார் தோன்றி, கதையில் எழுந்த சிக்கல் குறித்து நேயர்களிடம் உரையாடுவார். 156 என்னும் எண் 13இன் மடங்காகும். ஓராண்டின் 52 வாரங்களை நான்காகப் பகுத்தால் கிடைப்பது 13. தூர்தர்சன் தொடர்கள் பெரும்பாலும் 13 வார அலகுகளாகவே இசைவு பெற்றன. இவ்வலகு கதையின் வடிவத்தையும் பாதித்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

தமிழருக்குத் தொடர்கதை புதியதன்று. ஆனந்த விகடன், கல்கி, குமுதம் முதலிய வார இதழ்கள் பல தலைமுறைகளாக வாசகரை அடுத்த இதழுக்காகக் காத்திருக்கச் செய்தன. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை அவ்வாறு வெளிவந்ததே. நம் நாட்டு நாளிதழ்களின் ஞாயிற்றுப் பதிப்புகளும் தொடர்கதைகளை வெளியிட்டுள்ளன. ஆகவே, தொலைக்காட்சித் தொடர் தமிழ்நாட்டில் காலூன்றியபோது, வாரம் ஒருமுறை கதைக்காகக் காத்திருக்கும் பழக்கம் இல்லங்களில் ஏற்கெனவே இருந்தது.

நன்னிலத்திலிருந்து நாடக மேடைக்கு

பாலசந்தர் 1930 சூலை 9ஆம் நாள் அன்றைய தஞ்சை மாவட்டத்தின் நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில் பிறந்தார். அவ்வூர் இன்று திருவாரூர் மாவட்டத்தில் உள்ளது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்று 1949இல் பட்டம் பெற்ற அவர், முத்துப்பேட்டையில் சிறிது காலம் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். 1950இல் சென்னைக்கு வந்து ஏஜி அலுவலகம் என்று வழங்கும் மாநிலக் கணக்காயர் அலுவலகத்தில் சேர்ந்தார். பத்தாண்டுகளுக்கும் மேலாக அரசு அலுவலக எழுத்தர்களிடையே கழிந்த இவ்வாழ்க்கை, அவருடைய கதையுலகின் அடித்தளமாயிற்று. மாதச் சம்பளம், பதவி உயர்வு, வாடகை வீடு, கடன், தங்கையின் திருமணம் ஆகியவை அவர் நாள்தோறும் கேட்ட பேச்சுகள்.

அலுவலக நேரம் போக எஞ்சிய நேரத்தில் அவர் நாடகம் எழுதினார். 'ராகினி ரிக்ரியேஷன்ஸ்' என்னும் பயில்முறைக் குழுவைக் கொண்டு 'மேஜர் சந்திரகாந்த்', 'சர்வர் சுந்தரம்', 'நீர்க்குமிழி', 'மெழுகுவர்த்தி', 'நாணல்', 'எதிர் நீச்சல்' முதலிய நாடகங்களை மேடையேற்றினார். நடிகர் சுந்தரராஜனின் பெயருக்கு முன் 'மேஜர்' என்னும் அடை நிலைத்தது அந்நாடகத்தால்தான். 1964இல் எம்.ஜி.ஆர். நடித்த 'தெய்வத்தாய்' படத்துக்கு உரையாடல் எழுதித் திரையுலகில் நுழைந்த அவர், 1965இல் 'நீர்க்குமிழி' வழியாக இயக்குநரானார்.

இம்மேடைப் பயிற்சியின் இரண்டு கூறுகள் பின்னாளைய தொலைக்காட்சிப் பணிக்கு நேரடித் தொடர்புடையவை. முதலாவது, இடச்சுருக்கம். பயில்முறைக் குழுவிடம் பலவகைக் காட்சியமைப்புக்குப் பணம் இராது. ஒரே கூடத்தில், ஒரே மருத்துவமனை அறையில், மாந்தர் வருவதும் போவதுமாகக் கதையை நடத்த வேண்டும். 'எதிர் நீச்சல்' ஒண்டுக் குடித்தன வீடு ஒன்றில் நிகழ்கின்றது. பல குடும்பங்கள், ஒரே முற்றம், மாடிப்படியின் கீழே வாழும் மாது என்னும் அனாதை இளைஞன். தொலைக்காட்சித் தொடரின் 'வீடு' என்னும் களத்துக்கு இதனினும் பொருத்தமான முன்மாதிரி இல்லை.

இரண்டாவது, ஒலியின் முதன்மை. அதே 'எதிர் நீச்சல்' 1968இல் திரைப்படமானபோது, 'இருமல் தாத்தா' என்னும் மாந்தர் ஒருமுறையும் கண்ணுக்குத் தெரியமாட்டார். அவருடைய இருமல் மட்டும் கேட்கும். கண்ணுக்குப் புலனாகாத ஒருவரைக் காதின் வழியே உயிர்ப்பிக்கும் இவ்வுத்தி வானொலிக்கும் மேடைக்கும் உரியது. தொலைக்காட்சித் தொடரைப் பார்ப்பவர்கள் பலர் சமையலறையிலிருந்தே கேட்பவர்கள். உரையாடல் வலுவிழந்தால் அவர்கள் கதையை இழந்துவிடுவர். பாலசந்தரின் உரையாடல் மிகையானது என்று திரைத் திறனாய்வாளர் சிலர் குறைகூறுவதுண்டு. திரையில் மிகையாகத் தோன்றும் அதே பண்பு தொலைக்காட்சியில் அவருக்குத் துணைநின்றது என்பது இங்குச் சுட்டத்தக்கது.

முடிவில்லாக் கதை என்னும் கருத்து

பாலசந்தர் தொலைக்காட்சிக்கு வருவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே, தொடரும் கதை என்னும் கருத்தை ஒரு திரைப்படத்தின் தலைப்பாகவே ஆக்கினார். 1974இல் வெளிவந்த 'அவள் ஒரு தொடர்கதை' கவிதா என்னும் பணிபுரியும் பெண்ணைப் பற்றியது. பொறுப்பை உதறிச் சென்ற தந்தை, குடிகார அண்ணன், கைம்பெண்ணான தங்கை, பார்வையற்ற தம்பி என அனைவரும் அவளுடைய ஒரே சம்பளத்தை நம்பி வாழ்கின்றனர். அவளுக்கும் ஒரு வாழ்வு அமையக்கூடும் என்னும் நிலை படத்தின் இறுதியில் தோன்றுகின்றது. அவ்வேளையில் திருந்திய அண்ணன் இறந்துபோக, அவள் மறுபடியும் வேலைக்குச் செல்லும் அன்றாடத்துக்கே திரும்புகிறாள். படம் முடிகின்றது, அவளுடைய பாடு முடியவில்லை. 1976இல் இதனைத் தெலுங்கில் எடுத்தபோது அவர் வைத்த பெயர் 'அந்துலேனி கத'. முடிவில்லாக் கதை என்பது அதன் பொருள்.

இப்படம் பினாங்கில் ஏன் அவ்வளவு நெருக்கமாக உணரப்பட்டது என்பதற்கு உள்ளூர்க் காரணம் ஒன்று உண்டு. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் உருவாகி, மின்னணுத் தொழிற்சாலைகள் தோன்றின. மலாய், சீன, தமிழ்ப் பெண்கள் பலர் முறைநேர வேலைக்குச் செல்லத் தொடங்கினர். விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்துகள் எம் ஊருக்கும் வரும். குடும்பத்தின் முதல் மாதச் சம்பளத்தைக் கொண்டுவந்த பெண்கள் அப்பேருந்துகளில் ஏறினர். அவர்களுக்குக் கவிதா அயலூர்க் கதைமாந்தராகத் தோன்றியிருக்க வழியில்லை.

இத்திரைப்படத்தில் முடிவின்மை ஒரு பொருளை உணர்த்துகின்றது. பெண்ணின் உழைப்புக்கு ஓய்வில்லை என்பதைக் கதையின் வடிவமே கூறுகின்றது. இரண்டரை மணி நேரத்தில் தொடங்கி முடியும் ஒரு படைப்பு, முடிவின்மையைக் கருப்பொருளாகக் கொண்டுள்ளது. இதனை மனத்திற்கொண்டு அவருடைய தொலைக்காட்சிப் பணியை அணுகுதல் வேண்டும்.

தூர்தர்சன் காலம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகத்து 15ஆம் நாள் தொடங்கப்பெற்றது. தொடர்ந்து பல்லாண்டுகள் அதுவே தமிழருக்குக் கிடைத்த ஒரே தொலைக்காட்சி. தில்லியின் தேசிய நிகழ்ச்சிகள் மாலை நேரத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டமையால், தமிழ் நாடகத்துக்கு வாய்த்த நேரம் குறைவு. இந்நிலையில், அறுபது வயதை எட்டிய, தேசிய விருதுகள் பல பெற்ற, 1987இல் பத்மசிறீ விருதும் பெற்ற ஒரு திரைப்பட இயக்குநர் சின்னத்திரைக்கு வந்தது வியப்புக்குரிய செய்தியாயிற்று. வெள்ளித்திரையில் வாய்ப்பிழந்தோர் புகலிடம் தேடும் இடம் தொலைக்காட்சி என்னும் எண்ணம் அன்று பரவலாக இருந்தது. பாலசந்தரோ அக்காலத்தில் திரைப்படங்களையும் இயக்கிக்கொண்டிருந்தார். 'வானமே எல்லை' 1992இலும் 'ஜாதி மல்லி' 1993இலும் வெளிவந்தன.

1990களின் தொடக்கத்தில் ஒளிபரப்பான 'ரயில் சிநேகம்' அவருடைய முதல் பெருந்தொடர். அதனைத் தொடர்ந்து 'கையளவு மனசு' வெளிவந்தது. நடிகை கீதா முதன்மைப் பாத்திரமேற்ற இத்தொடரில் நடித்தவர்களுள் ஒருவர் பிரகாஷ்ராஜ். 1994இல் 'டூயட்' படத்தின் வழி அவரைத் தமிழ்த் திரையுலகுக்கு அறிமுகம் செய்தவரும் பாலசந்தரே. நடிகர்கள் இரு திரைகளுக்கும் இடையே போய்வரும் பாதையொன்றை அவர் அமைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

இத்தொடர்கள் வாரம் ஒருமுறை வந்தவை. வார இடைவெளி எழுதுவோருக்கும் பார்ப்போருக்கும் நன்மை பயந்தது. ஒரு பகுதிக்குள்ளேயே தொடக்கம், வளர்ச்சி, திருப்பம் ஆகிய மூன்றும் அமைய வேண்டியிருந்தது. ஏழு நாள் நினைவில் நிற்கத்தக்க ஏதேனும் ஒரு காட்சி ஒவ்வொரு பகுதியிலும் தேவைப்பட்டது. 13 வார அலகோ கதைக்கு ஓர் எல்லையை வகுத்தது. வெண்பாவின் அடி வரையறை புலவனின் சொல்லை ஒழுங்குபடுத்துவது போல, அலுவலக விதியாகப் பிறந்த அவ்வெல்லை கதையை ஒழுங்குபடுத்தியது எனலாம்.

தனியார் அலைவரிசைகளும் நாள்தொடரும்

1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சியும், 1994இல் ராஜ் தொலைக்காட்சியும், 1999இல் ஜெயா தொலைக்காட்சியும் தோன்றின. ஒளிபரப்பு நேரம் பெருகியது. அந்நேரத்தை நிரப்பக் கதைகள் தேவைப்பட்டன. பாலசந்தரின் கவிதாலயா நிறுவனம் இத்தேவையை நிறைவுசெய்த முதல் நிறுவனங்களுள் ஒன்று. 'காதல் பகடை', ரேணுகா தலைப்புப் பாத்திரமேற்ற 'பிரேமி', 'ஜன்னல்' ஆகியவை இக்காலத்தவை. அவருடைய மகன் பால கைலாசம் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் திரைக்கலை பயின்றவர், ஆவணப்பட இயக்குநர். அவர் நடத்திய மின்பிம்பங்கள் நிறுவனம், இந்திரா சௌந்தர்ராஜனின் எழுத்திலும் நாகாவின் இயக்கத்திலும் 'மர்மதேசம்' வரிசையை வழங்கிற்று.

இக்காலத் தொடர்களின் பொருளாதார அமைப்பைப் புரிந்துகொள்வது இன்றியமையாதது. தனியார் அலைவரிசைகளில் தயாரிப்பாளர் பலர் ஒளிபரப்பு நேரத்துக்குக் கட்டணம் செலுத்தினர். அந்நேரத்துக்குரிய விளம்பர நொடிகளை விற்று முதலை மீட்டனர். நேயரைத் திரட்டிவிட்ட ஒரு தொடரை முடிப்பது, நன்கு நடக்கும் கடையை இழுத்து மூடுவதற்கு ஒப்பாயிற்று. புதிய தொடருக்குப் புதிய அரங்கம், புதிய நடிகர், புதிய நேயர் ஆகிய அனைத்தும் வேண்டும். பழைய தொடருக்கு மற்றுமொரு சிக்கல் போதும். ராதிகாவின் 'சித்தி' (1999–2001) பெற்ற பெருவெற்றி நாள்தொடரைத் தமிழ்த் தொலைக்காட்சியின் முதன்மை வடிவமாக நிலைநிறுத்தியது. திருமுருகனின் 'மெட்டி ஒலி' (2002–2005) 800 பகுதிகளையும், 'கோலங்கள்' (2003–2009) 1,500 பகுதிகளையும் கடந்தன. 13 வார அலகில் தொடங்கிய ஒரு மரபு பதினைந்து ஆண்டுகளில் அடைந்த நீளம் இது.

இந்நெருக்கடிக்குப் பாலசந்தர் குழுவினர் கண்ட விடையே அவர்களுடைய தொலைக்காட்சிப் பணியில் நாம் மிகவும் மதிக்கும் கூறு. 'ஜன்னல்' என்பது ஒரே கதையன்று. 'அடுத்த வீட்டுக் கவிதைகள்', 'சில நிஜங்கள் சில நியாயங்கள்', 'மரபுக் கவிதைகள்' எனத் தனித்தனிக் கதைகள் அப்பொதுத் தலைப்பின்கீழ் வந்தன. 'மர்மதேசம்' வரிசையிலும் 'ரகசியம்', 'விடாது கருப்பு' முதலியவை தத்தம் தொடக்கமும் முடிவும் உடையவை. தலைப்பு நீடிக்கின்றது, கதை முடிகின்றது. நேயரை இழக்க விரும்பாத அலைவரிசையின் தேவையும் நிறைவேறுகின்றது. கதையை உரிய இடத்தில் முடிக்கும் ஆக்கியோனின் உரிமையும் காக்கப்படுகின்றது. எட்டுத்தொகை நூல்கள் பல பாடல்களை ஒரு பெயரின்கீழ்த் தொகுத்ததை அறிந்த தமிழ் மாணவருக்கு இவ்வமைப்பை விளக்குவது எளிது.

சஹானா: பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிந்திய விடை

1985இல் வெளிவந்த 'சிந்து பைரவி' பாலசந்தரின் புகழ்பெற்ற படங்களுள் ஒன்று. சிறந்த நடிகை, இசையமைப்பாளர், பின்னணிப் பாடகி ஆகிய மூன்று தேசிய விருதுகள் அப்படத்துக்குக் கிட்டின. ஜே.கே.பி. என்னும் கருநாடக இசைக் கலைஞர், இசையறியாத அவர் மனைவி பைரவி, அவர் இசையைப் புரிந்துகொண்ட சிந்து ஆகிய மூவரிடையே கதை நிகழ்கின்றது. இறுதியில் சிந்து தான் பெற்ற குழந்தையைக் குழந்தைப்பேறற்ற அவ்விணையரிடம் ஒப்படைத்துவிட்டு நீங்குகிறாள். திரைப்படம் அங்கே நிறைவெய்துகின்றது. அக்குழந்தை வளர்ந்தபின் யாரை அன்னை என்று அழைக்கும்? கொடுத்தவளுக்கு உரிமை உண்டா? வளர்த்தவளின் அச்சம் என்னவாகும்? இவ்வினாக்களை அரங்கைவிட்டு வெளியேறிய பார்வையாளர் தம்மோடு எடுத்துச்சென்றனர்.

2003ஆம் ஆண்டையொட்டி ஜெயா தொலைக்காட்சியில் பாலசந்தர் வழங்கிய 'சஹானா' இப்படத்தின் தொடர்ச்சியாகும். முன்னைய தலைப்பைப் போன்றே இதுவும் ஓர் இராகத்தின் பெயர். தம் திரைப்படத்தின் அடுத்த பாகத்தை மற்றொரு திரைப்படமாக எடுக்காமல் அவர் தொலைக்காட்சியைத் தேர்ந்தது ஏன்? நமது விளக்கம் இது. திரைப்படம் ஒரு முடிவெடுக்கும் கணத்தை வலுவாகக் காட்டவல்லது. சிந்து குழந்தையைக் கொடுப்பது அத்தகைய கணம். அம்முடிவோடு நாள்தோறும் வாழ்வது எவ்வாறு என்பதைக் காட்டக் காலம் வேண்டும். அதே வீட்டுக் கூடத்தை மீண்டும் மீண்டும் பார்க்க வேண்டும். ஒருவர் கூற எண்ணியதைப் பல நாள் கூறாமல் இருப்பதை நாமும் பல நாள் பார்த்திருக்க வேண்டும். இது தொடருக்கே இயன்ற பணி. ஆகவே, தொடர் என்பது நீட்டப்பட்ட திரைப்படம் அன்று. விளைவுகளைக் காட்டும் தனி வடிவம் என்னும் முடிவுக்கு நாம் வரலாம்.

மாளவிகா தலைப்புப் பாத்திரமேற்ற 'அண்ணி'யும் இக்காலத்தில் அவர் ஜெயா தொலைக்காட்சிக்கு வழங்கிய தொடராகும். 2006இல் வந்த 'பொய்' அவர் இயக்கிய இறுதித் திரைப்படம். 2010ஆம் ஆண்டுக்குரிய தாதாசாகிப் பால்கே விருது அவருக்கு வழங்கப்பெற்றது. 2014 ஆகத்தில் மகன் பால கைலாசம் மறைந்தார். அவ்வாண்டு திசம்பர் 23ஆம் நாள் சென்னையில் பாலசந்தரும் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 84.

மறுபக்கம்

இப்பணியை மதிப்பிடும்போது அதன் குறைகளையும் கூறுதல் கடமை. பாலசந்தரின் பெண்மாந்தர் துணிந்து பேசுகின்றனர், மரபை வினவுகின்றனர். ஆயினும் கதையின் இறுதியில் பெரும்பாலும் அவர்களே விட்டுக்கொடுக்கின்றனர். கவிதா தன் திருமணத்தை விடுகிறாள். சிந்து தன் குழந்தையை விடுகிறாள். தியாகத்தால் தீரும் சிக்கல் உண்மையில் தீர்ந்ததா என்னும் ஐயம் எழுவது இயல்பே. பின்னாளைய நாள்தொடர்களில் ஓயாது கண்ணீர் சிந்தும் மருமகளின் முன்னோடியாக இப்பெண்களைக் காண்போரும் உளர். அக்கருத்தை முற்றாக மறுக்க இயலாது. மேலும், அவருடைய கதைகளின் வீடு பெரும்பாலும் சென்னை நடுத்தர வகுப்பாரின் வீடு. எம் ஊர்த் தோட்டத்துப் பெண்ணும் தொழிற்சாலைப் பெண்ணும் தம்மை அங்கே காண, கற்பனையால் ஒரு கடலைக் கடக்க வேண்டியிருந்தது.

அவ்வாறே, முடிவுறும் தொடர் உயர்ந்தது, நீளும் தொடர் தாழ்ந்தது என்று எளிதாகப் பிரித்துவிடவும் கூடாது. முதுமையில் தனித்திருக்கும் ஒருவருக்கு நாள்தோறும் குறித்த நேரத்தில் வரும் கதைமாந்தர் உறவினரைப் போன்றவர். எம் பாட்டியார் தம் இறுதி ஆண்டுகளில் தொடர் பார்த்ததன் நோக்கம் முடிவை அறிவதன்று, அவர்களோடு இருப்பது. அத்துணைமையை இழிவாகக் கருதும் திறனாய்வு, நேயரை இழிவாகக் கருதும் திறனாய்வாகும். நாம் கூறவருவது, நீளம் கதையின் தேவையால் அமைந்ததா, நேரத்தின் விலையால் அமைந்ததா என்று வினவும் பயிற்சி மாணவருக்கு வேண்டும் என்பதே.

வகுப்பறையும் ஆவணமும்

சில ஆண்டுகளுக்கு முன் மாணவி ஒருவர் தொலைக்காட்சித் தொடர்களில் பெண்மாந்தரின் பேச்சுமொழி குறித்து இறுதியாண்டு ஆய்வேடு எழுத விரும்பி நம்மிடம் வந்தார். தரவு கிடைப்பது அரிது, மேற்கோள் காட்டுவதற்கு ஆய்வுநூல்கள் போதா என்று கூறி, நாவல் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுமாறு நாமே அறிவுரை வழங்கினோம். அவரும் ஏற்று, நல்ல ஆய்வேடு ஒன்றை எழுதினார். ஆயினும் அவ்வறிவுரை தவறானது என்று இன்று கருதுகின்றோம். ஆய்வுநூல்கள் போதா என்பது ஆய்வைத் தொடங்குவதற்கான காரணமேயன்றித் தவிர்ப்பதற்கான காரணமன்று.

தரவுச் சிக்கல் உண்மையானதே. இந்தியாவில் திரைப்படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் உண்டு. அதில் படத்தின் பெயர், நீளம், சான்றளித்த நாள் ஆகியவை பதிவாகும். தொலைக்காட்சித் தொடருக்கு அத்தகைய முன்சான்று இல்லை. ஆதலால் ஒரு தொடரின் முதல் ஒளிபரப்பு நாள், பகுதிகளின் எண்ணிக்கை, எழுத்தாளர் பெயர் ஆகியவற்றை வரையறுப்பதே ஆய்வாளரின் முதல் வேலையாகிவிடுகின்றது. கவிதாலயாவின் தொடர்கள் பல இன்று இணையத்தில் காணக்கிடைப்பது நற்பேறு. எனினும் இணையத்தில் ஏற்றப்பட்ட நாளே ஒளிபரப்பு நாள் என்று மாணவர் மயங்குவதை நாம் கண்டிருக்கின்றோம்.

இச்சூழலில் ஆசிரியர்களும் துறைகளும் மேற்கொள்ளத்தக்க பணிகள் மூன்று. முதலாவது, 'அவள் ஒரு தொடர்கதை'யின் இறுதிக் காட்சியையும் ஏதேனும் ஒரு தொடரின் இரண்டு பகுதிகளையும் அருகருகே வைத்து, முடிவு என்பது என்ன என்னும் வினாவை வகுப்பில் எழுப்புதல். கதைப்பின்னல், உச்சம், திருப்பம் ஆகிய கலைச்சொற்கள் இதன்வழி மாணவர்க்கு எளிதில் விளங்கும். இரண்டாவது, அடைவு உருவாக்கம். அக்கால நாளிதழ்களில் வெளியான நிகழ்ச்சி நிரல்களை ஒப்புநோக்கி, வானவில் முதலிய அலைவரிசைகளில் எத்தொடர் எவ்வாண்டு வந்தது என்னும் பட்டியலை மாணவரே தொகுக்கலாம். மூன்றாவது, நேயர் நினைவுப் பதிவு. 1990களில் தொடர் பார்த்த தலைமுறையினர் முதுமையை எட்டிவிட்டனர். எவரோடு பார்த்தனர், எதற்காக வாதிட்டனர், எம்முடிவை ஏற்கவில்லை என்பவற்றை அவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும். இம்மூன்றனுள் மூன்றாவதே காத்திருக்க இயலாத பணி.

முடிவுரை

விலங்கியல் பட்டதாரியாக, பள்ளி ஆசிரியராக, அரசு அலுவலராக வாழ்வைத் தொடங்கிய பாலசந்தர், அவ்வலுவலகத்தின் பேச்சை மேடைக்கும், மேடையின் கூடத்தைத் திரைக்கும், திரையின் வினாவைத் தொலைக்காட்சிக்கும் கொண்டுசென்றார். 'அவள் ஒரு தொடர்கதை'யில் முடிவின்மை ஒரு பெண்ணின் துயரத்தை உணர்த்தியது. நாள்தொடர்ச் சந்தையில் முடிவின்மை ஒரு விற்பனை முறையாயிற்று. இவ்விரண்டுக்கும் இடையே, தலைப்பை நீட்டித்துக் கதையை முடிக்கும் 'ஜன்னல்' போன்ற வடிவங்களையும், முடிந்த கதையின் விளைவைத் தேடிச் செல்லும் 'சஹானா' போன்ற தொடர்ச்சியையும் அவர் வழங்கினார். கதையின் முடிவுக்கு ஆக்கியோனே பொறுப்பு என்னும் கொள்கையைத் தமிழ்த் தொலைக்காட்சியில் அவர் பணி நிலைநாட்டிக் காட்டியது எனலாம்.

எம் பாட்டியாரும் அண்டை வீட்டாரும் நிகழ்த்திய வாதங்களை எவரும் பதிவுசெய்யவில்லை. 'பிரேமி' குறித்து அவர்கள் என்ன கூறினர் என்பதில் நமக்கு நினைவிருப்பது மிகச் சிலவே. பாலிக் புலாவிலும், நாட்டின் பிற தோட்டங்களிலும் சிற்றூர்களிலும் அத்தகைய நேயர்கள் இன்னும் வாழ்கின்றனர். தமிழாசிரியர்கள் தத்தம் ஊரிலுள்ள ஒருவரையேனும் அணுகி அவர்தம் நினைவைப் பதிவுசெய்வாராயின், தமிழ்த் தொலைக்காட்சித் தொடரின் வரலாற்றில் மலேசியத் தமிழருக்குரிய பகுதி எழுதப்பெறும்.